8 டன் பிரஸ்ஸை லாரியில் ஏற்றும் முன்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். தகட்டை வெட்டி வளைக்கும் பவர் பிரஸ் ஒன்றை, எடை 8 டன், ஒரகடத்துக்கு மாற்ற வேண்டும். "இவ்வளவு பாரம் எங்கே சார் நகரும், ரெண்டு கயிறு போட்டா போதும்" என்கிறார் லாரிக்காரர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். பிரேக் அடித்தால் நிற்பது லாரிதான். மேலே இருக்கும் பிரஸ் வந்த வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கும். பாரம் கூடக் கூட அதைப் பிடித்து நிறுத்தும் விசையும் அதே அளவுக்குக் கூட வேண்டும். சரக்கைக் கட்டுவதற்கு ஐரோப்பியத் தரநிலை தரும் கணக்கு இது: முன்பக்கத்துக்கு எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் 0.5 பங்கு. உங்கள் பிரஸ்ஸுக்கு முன்பக்கம் மட்டும் 6.4 டன். அதில் உராய்வு எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

பட்டறையில் பல வருஷம் ஓடிய பிரஸ்ஸின் அடியில் கையை வைத்துப் பாருங்கள், கருப்பாக எண்ணெய் ஒட்டும். அப்படியே இரும்புத் தளத்தில் உட்கார வைத்தால் உராய்வு ஒரு டன் தாங்கினாலே அதிகம். அடிப்பாகத்தையும் லாரித் தளத்தையும் நன்றாகத் துடைத்துக் காய வைத்து, நடுவே சரக்குக்கென்றே விற்கும் ரப்பர் பாயை விரித்தால் கிட்டத்தட்ட 4.8 டன்னை உராய்வே பார்த்துக்கொள்ளும். மிச்சத்துக்கு நான்கு மூலையிலிருந்தும் எதிரெதிர்த் திசையில் சங்கிலி, அதை இறுக்க லோட் பைண்டர், முன்பக்கம் தளத்தோடு அசையாமல் பொருத்திய மரக்கட்டை. சங்கிலியை பிரஸ்ஸின் ஃபிரேமில் மாட்டுங்கள். மோட்டாரிலோ பைப்பிலோ வேண்டவே வேண்டாம். ராட்செட் பெல்ட் போட்டால் அதில் தைத்த லேபிளைப் படியுங்கள். அறுபடும் எடை வேறு, பயன்படுத்தத் தகும் எடை வேறு; இரண்டாவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கூர்மையான விளிம்பில் உரசும் இடத்தில் ரப்பர் துண்டு கொடுங்கள்.

நைலான் கயிறு இழுபடும். ஒருமுறை பாடி சிக்னலில் வண்டி சட்டென்று நின்றபோது, நாங்கள் ஏற்றிய லேத் ஒரு சாண் முன்னால் வந்துவிட்டது. கயிறு அறவில்லை, தளர்ந்து தொங்கியது. ஓட்டுநர் முதுகுக்கும் லேத்துக்கும் நடுவே கேபின் தகடு மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து இயந்திரத்துக்குக் கயிறு போட நான் சம்மதிப்பதில்லை.

போதாததற்கு உங்கள் பிரஸ்ஸுக்கு மேல்பக்கம் பாரம் அதிகம். ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரம், கிராங்க் ஷாஃப்ட் எல்லாம் உச்சியில் இருக்கும். ஏற்றும் முன், மேலும் கீழும் ஓடும் பாகமான ராமைக் கீழிறக்கி, பெட் என்ற அடி மேடைக்கும் ராமுக்கும் நடுவே மரக்கட்டை வைத்துவிடுங்கள். சாதா லாரியின் தளமே ஒரு மீட்டருக்கு மேல் உயரம். பிரஸ் 3 மீட்டர் என்றால் மொத்தம் 4 மீட்டரைத் தாண்டும்; ஈபி வயரும் இடிக்கும், அனுமதித்த உயரத்தை மீறியதற்கு 20,000 ரூபாய் அபராதமும் வரும். தளம் தாழ்ந்த லோ-பெட் ட்ரெய்லர் கேளுங்கள். படுக்க வைத்துக் கொண்டுபோகலாமா என்பதை பிரஸ்ஸின் மேனுவலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிரேன் தூக்கும்போது, கொக்கியிலிருந்து பிரஸ்ஸைப் பிடிக்கும் ஸ்லிங்கின் கோணத்தைக் கவனியுங்கள். இரண்டு கால் ஸ்லிங் படுக்கைவாட்டிலிருந்து 30 டிகிரிக்குச் சரிந்தால், ஒவ்வொரு காலிலும் முழு 8 டன் விழும். 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்தால் ஒரு காலுக்கு 4.6 டன்தான்.

காகிதங்கள்: இயந்திரத்தின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், விற்பனை இல்லையென்றாலும் டெலிவரி சலானோடு, சரக்கைக் கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் இ-வே பில் வேண்டும். லாரியின் இன்சூரன்ஸ் உங்கள் பிரஸ்ஸுக்குச் சேராது, வழியில் சரக்குக்கு வரும் சேதத்துக்கான டிரான்சிட் பாலிசி தனியாக எடுங்கள்.

பைபாஸ் ஏறிப் பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகப் போனால் நகர நெரிசல் இல்லை. ஆனால் பைபாஸ் ஏறி ஐந்தாறு கிலோமீட்டரில் பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரங்கட்டச் சொல்லுங்கள். குலுங்கியதில் முதல் தளர்ச்சி அதற்குள் வந்துவிடும். ஒவ்வொரு சங்கிலியையும் கையால் அசைத்துப் பார்த்து இறுக்குங்கள். வண்டலூர் தாண்டியதும் இன்னொரு முறை.