எம்.எஸ்ஸி.யிலும் மெக்கானிக்ஸா?

கேள்வி: எம்.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். பி.எஸ்ஸி.யில் நியூட்டன் விதிகளை வைத்துப் போட்ட அதே ஊசலையும் சாய்தளத்தையும் இப்போது விசைக்குப் பதிலாக ஆற்றலை வைத்துப் போடும் லக்ராஞ்சியன், ஹாமில்டோனியன் முறைகளில் மறுபடியும் போடுகிறோம். நிறுவல்களைத் தேர்வில் எழுதிவிடுகிறேன், ஆனால் புதுக் கணக்கு என்றால் கை ஓடவில்லை. குவாண்டம் படிக்க ஆசைப்பட்டு வந்த எனக்கு இது எதற்கு? எப்படிப் படிப்பது?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: நிறுவல் புரிந்தால் பாடம் முடிந்தது என்று நானும் முதல் பருவம் முழுக்க நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால்தான் கை ஓடும், வேறு வழியே இல்லை. ஒன்று சொல்கிறேன், இன்று இரவே உட்காருங்கள்.

செங்குத்தாக ஒரு கம்பி வளையம், அதில் கோத்து உராய்வில்லாமல் வழுக்கும் ஒரு பாசிமணி. வளையத்தை அதன் செங்குத்து விட்டத்தை அச்சாக வைத்து ஒரு மோட்டார் ஒரே சீரான வேகத்தில் சுற்றுகிறது. மணி எங்கே நிற்கும்? நியூட்டன் வழியில் போனால் கம்பி மணியைத் தள்ளும் விசையோடு மல்லுக்கட்ட வேண்டும், அதன் திசை வேறு மாறிக்கொண்டே இருக்கும். லக்ராஞ்ச் வழியில் அந்த விசை பேச்சிலேயே வராது. அடியிலிருந்து மணி எத்தனை கோணம் ஏறியிருக்கிறது என்ற ஒரே எண் போதும், இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து எழுதி (இதுதான் லக்ராஞ்சியன்) வகையிட்டால் நாலு வரியில் விடை வந்துவிடும். மெதுவாகச் சுற்றினால் மணி அடியிலேயே கிடக்கும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அடியில் தங்காமல் பக்கவாட்டில் ஏறி நின்றுகொள்ளும். ஆரம் 10 செ.மீ. என்றால் அந்த எல்லை நொடிக்கு ஏறத்தாழ 1.6 சுற்று. மணி கனமானதா லேசானதா என்பது கணக்கில் வரவே வராது, எனக்கு அது இன்றும் அழகாகத்தான் தெரிகிறது.

சரி, அங்கேயே நிறுத்திவிடாதீர்கள், அதே கணக்குக்குக் கோணத்தையும் அதற்குரிய உந்தத்தையும் வைத்து ஹாமில்டோனியனையும் எழுதுங்கள். அது காலத்தோடு மாறாது, ஆனால் மணியின் மொத்த ஆற்றலும் அது இல்லை, ஏனென்றால் மணி அச்சை விட்டு விலகும்போது மோட்டார் ஆற்றல் கொடுக்கிறது, நெருங்கும்போது வாங்கிக்கொள்கிறது. ஹாமில்டோனியன் என்றாலே மொத்த ஆற்றல் என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

குவாண்டத்துக்கு எதற்கு என்று கேட்டீர்கள். 1925இல், குவாண்டம் இயக்கவியலைத் தொடங்கிவைத்த ஹைசன்பெர்கின் கட்டுரையைப் படித்த இயற்பியலாளர் டிராக்கை, இரண்டு அளவுகளை வரிசை மாற்றிப் பெருக்கினால் விடை மாறுகிறதே என்ற விஷயம் விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டிருந்தபோது, அந்த வித்தியாசம், மெக்கானிக்ஸில் இரண்டு அளவுகளை இடத்தையும் உந்தத்தையும் வைத்து வகையிட்டு, பெருக்கிக் கழிக்கும் பாய்சான் பிராக்கெட் போல இருக்கிறதே என்று பொறி தட்டியது. சரிபார்க்கலாம் என்றால் கையில் இருந்த புத்தகங்களில் அது இல்லை, நூலகமோ ஞாயிறு என்பதால் மூடியிருந்தது, மறுநாள் காலை திறக்கும்வரை தவிப்போடு காத்திருந்தார். பாய்சான் அதை எழுதியது 1809இல், கோள்களின் இயக்கத்தை ஆராயும்போது! நீங்கள் ஆசைப்பட்டு வந்த குவாண்டத்தின் பாதி இலக்கணம் இந்த மெக்கானிக்ஸ் தாளில்தான் இருக்கிறது.

கேள்வி: ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கு நேரம் குறைவு. மெக்கானிக்ஸில் எதை விடலாம்?
– வாசகர், சேலம்

பதில்: பாடத்திட்டத்தின் அடிப்படைப் பகுதி, மேல்நிலைப் பகுதி இரண்டிலும் இது இருப்பதால் மொத்தமாக விட முடியாது. இயக்கத்தை ஒரே பகுதி வகைக்கெழுச் சமன்பாடாக மாற்றிப் போடும் ஹாமில்டன்–ஜகோபி முறையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சமநிலையை ஒட்டிய சிறு அலைவுகளையும் பாய்சான் பிராக்கெட்டையும் தொடாமல் போகாதீர்கள். சுவர்களுக்கு நடுவே இரண்டு சம நிறைகள், மூன்று ஒரே மாதிரி ஸ்பிரிங்குகள் என்ற கணக்கை அணி (மேட்ரிக்ஸ்) எழுதாமலே போட்டுப் பாருங்கள்: இரண்டும் ஒரே பக்கம் ஆடினால் நடு ஸ்பிரிங் நீளவே நீளாது, எதிரெதிராக ஆடினால் அது இரட்டிப்பாக நீளும், அவ்வளவுதான், அதிர்வெண்கள் 1க்கு √3 என்ற விகிதத்தில் வந்து நிற்கும்.