ட்ரம்ஸ் குச்சி: எந்த எண், எந்த எழுத்து?

கேள்வி: என் மகன் ட்ரம்ஸ் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். கடையில் 5ஏ, 5பி, 7ஏ, 2பி என்று அடுக்குகிறார்கள். இவற்றுக்கு என்ன பொருள், அவனுக்கு எதை வாங்குவது?
– வாசகி, மதுரை

பதில்: எண் சிறியதானால் குச்சி தடிமன், பெரியதானால் மெலிசு. 2பி தடிமனானது, 7ஏ மெலிசானது. எழுத்து, அமெரிக்காவில் எந்த வாசிப்புக்காகக் குச்சியைக் கடைந்தார்கள் என்பதன் மிச்சம். ஏ ஆர்கெஸ்ட்ராவுக்கு, பி பேண்டுக்கு, எஸ் தெருவில் அணிவகுத்து வாசிப்பவர்களுக்கு. அதனால்தான் ஒரே எண்ணில் ஏ மெலிசாகவும் பி தடிமனாகவும் இருக்கின்றன.

விக் ஃபர்த் நிறுவனத்தின் அமெரிக்கன் கிளாசிக் வரிசையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 7ஏ விட்டம் 0.540 அங்குலம், நீளம் 15.5 அங்குலம். 5ஏ 0.565 விட்டம், 16 நீளம். 5பி 0.595, அதே 16. 2பி 0.630, நீளம் 16.25. 5ஏ-வுக்கும் 5பி-க்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அரை மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டு அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஹிக்கரி மரத்தில் மர நுனி வைத்த 5ஏ வாங்குங்கள். எல்லா வாசிப்புக்கும் நடுவாந்தரமான அளவு அது. கை பழகிய பிறகு இன்னும் கனம் வேண்டுமா, குறைவாக வேண்டுமா என்று அவனுக்கே தெரியும்.

கேள்வி: பழைய 5ஏ உடைந்ததும் வேறு கம்பெனியின் 5ஏ வாங்கினேன். கையில் அந்நியமாக இருக்கிறது. போலியா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. 5ஏ என்பதற்குப் பொதுவான தர அளவு எதுவும் கிடையாது. ப்ரோமார்க்கின் க்ளாஸிக் 5ஏ 0.551 அங்குலம், வேட்டரின் லாஸ் ஏஞ்சலஸ் 5ஏ 0.570 அங்குலம். எண் ஒன்றுதான், பொருள் வேறு.

விட்டம் ஒத்திருந்தாலும் கழுத்து ஏமாற்றும். தடிமனான உடல் நுனியை நோக்கிச் சிறுத்து வரும் பகுதியைத்தான் கழுத்து என்கிறோம். அது நீளமாகச் சிறுத்தால் முன்பக்கம் இலேசாகி, குச்சி துள்ளித் திரும்பும், ஹை-ஹாட்டில் (மிதியால் திறந்து மூடும் ஜோடி உலோகத் தட்டு) வேகமான வாசிப்பு எளிதாகும். சட்டென்று சிறுத்தால் கனம் முன்னால் நிற்கும், ஸ்னேரில் (அடியில் கம்பிகள் அதிரும் ட்ரம்) அடி அழுத்தமாக விழும், ஆனால் கை சீக்கிரம் களைக்கும். இனி வாங்கும்போது உறையில் உள்ள எண்ணோடு விட்டம், நீளம், கழுத்து, மரம் நான்கையும் கேளுங்கள். மேப்பிள் ஹிக்கரியைவிட எடை குறைவு, சீக்கிரம் தேயும். ஓக் கனமானது, உழைக்கும், அதிர்ச்சியைக் கைக்குக் கூடுதலாகக் கடத்தும்.

கேள்வி: எங்கள் தேவாலயம் சிறியது. பாடகர் குழுவின் குரலை ட்ரம்ஸ் அமுக்கிவிடுகிறது. 7ஏ-வுக்கு மாறினால் போதுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஓரளவு குறையும். 7ஏ-வை 5ஏ-வின் வேகத்தில் ஓங்கி அடித்தால் பலன் வராது. குச்சியை உயர்த்தும் உயரத்தையும் பாதியாக்க வேண்டும். நுனி சிறிய உருண்டையாக உள்ள மேப்பிள் 7ஏ எடுங்கள், ரைடு சிம்பலில் (தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் பெரிய உலோகத் தட்டு) ஒலி தெளிவாக, சிறியதாக வரும். அதுவும் கூடுதல் என்றால் மெல்லிய கம்புகளைக் கட்டாகச் சேர்த்த ராட்ஸ் சரியான விடை. அதில் துள்ளல் குறைவு என்பதால் அடிகளை இடைவிடாமல் உருட்டி வாசிப்பது (ரோல்) கடினம். பாட்டுக்கு முந்தின நாளே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நைலான் நுனியா, மர நுனியா?
– வாசகர், ஈரோடு

பதில்: 1958-இல் நயாகரா ஃபால்ஸ் நகரைச் சேர்ந்த ஜோ கலாட்டோ நைலான் நுனியைக் கொண்டுவந்தார். மர நுனி சிதைந்துகொண்டே போவதற்கு அது தீர்வு. சிம்பலில் நைலான் பளிச்சென்று ஒலிக்கும், மரம் சற்று மென்மையாக ஒலிக்கும். ஸ்னேரிலும் டாம்களிலும் (செட்டில் உள்ள மற்ற ட்ரம்கள்) பெரிய வித்தியாசம் கேட்காது. தோலுக்குப் பதில் வலை (மெஷ்) போட்ட எலக்ட்ரானிக் செட் வைத்திருப்பவர்கள் நைலானையே வாங்கலாம்; பிசிறு கிளம்பிய மர நுனி வலையைக் கிழித்துவிடும்.

கேள்வி: கடையில் ஒரே ஜோடியை நாமே பொறுக்குவது எப்படி? உறையோடு வருவதை அப்படியே நம்பலாமா?
– வாசகர், சென்னை

பதில்: நல்ல நிறுவனங்கள் எடையும் சுதியும் பார்த்தே ஜோடி சேர்க்கின்றன. விலை மலிவானவற்றிலும் கூடையில் குவித்து விற்பவற்றிலும் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். அவசரப்படாமல் செய்யுங்கள். பொருந்தாத ஜோடியில் பழகும் பிள்ளையின் இடது கை அடி ஏன் சீராக வரவில்லை என்று ஆசிரியரே குழம்புவார்.

முதலில் கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றையும் உருட்டுங்கள். நுனி மேலும் கீழும் ஆடினால் குச்சி வளைந்திருக்கிறது, ஒதுக்குங்கள். பிறகு இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே உயரத்திலிருந்து, தளர்வாகப் பிடித்துத் தட்டிக் கேளுங்கள். ஒன்று கணீரென்றும் மற்றது மந்தமாகவும் ஒலித்தால் மரத்தின் அடர்த்தி வேறு. ரைடில் இரண்டு சிம்பல் போலக் கேட்கும். டிஜிட்டல் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். ஹிக்கரி 5ஏ ஒன்று சுமார் 50 கிராம் வரும். இரண்டுக்கும் இடையே இரண்டு கிராமுக்கு மேல் வேறுபாடு வேண்டாம்.

கடைசியாக மர இழை. அடியிலிருந்து நுனிவரை கோடுகள் நேராக ஓட வேண்டும். இழை சாய்வாகப் பக்கவாட்டில் வெளியேறினால், என்றாவது ஒருநாள் அந்த இடத்தில்தான் பிளக்கும். நுனிகள் இரண்டும் ஒரே வடிவமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி உடைகிறது. 5பி-க்குப் போனால் தீருமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எங்கே உடைகிறது என்று முதலில் பாருங்கள். கழுத்து நார்நாராகக் கிழிந்தால் காரணம் ஹை-ஹாட்டின் விளிம்பு. அது இயல்பான தேய்மானம். குச்சியை அவ்வப்போது திருப்பிப் பிடித்தால் சுற்றிலும் சமமாகத் தேயும். கழுத்திலேயே பட்டென்று முறிந்தால் கிராஷ் சிம்பல் (அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் தட்டு) மிக உயரத்தில் மட்டமாக இருக்கிறது, விளிம்பில் நேராக மோதுகிறீர்கள். சிம்பலைத் தாழ்த்தி உங்கள் பக்கம் சற்றுச் சாய்த்து, அடியை வழுக்கி எடுங்கள். சிம்பலும் விரிசல் விடாமல் பிழைக்கும். நடுவில் உடைந்தால் ரிம் ஷாட்டைக் (தோலையும் ட்ரம் விளிம்பையும் ஒருசேர அடிப்பது) கவனியுங்கள். நீளவாக்கில் சாய்வாகப் பிளந்தால் இழைதான் குற்றவாளி. இவற்றைச் சரிசெய்யாமல் 5பி வாங்கினால் சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவே.

வியர்வையில் நழுவுகிறதே என்று இறுக்கிப் பிடிப்பதும் உடைக்கும், மணிக்கட்டையும் கெடுக்கும். பிடிக்கும் இடத்து வார்னிஷை 220 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகளுக்கு?
– வாசகர், சேலம்

பதில்: 13 அங்குலச் சிறுவர் குச்சி. கிடைக்கவில்லையானால் மேப்பிள் 7ஏ. 5ஏ-வை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுக்காதீர்கள், சமநிலை போய்விடும்.