ஒரு சொம்புக் கூழும் 240 சர்க்கரையும்: வாசகர் கேள்வி-பதில்

ஆடி முடிந்த கையோடு, உணவு ஆலோசகரான எனக்கு வரும் கேள்விகளில் பாதி கூழைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை கூடவே இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றோருக்கு வீடியோ அனுப்புகிறார்கள்: "கறி, முட்டை, பால் எல்லாத்தையும் விட்டுட்டு முழுத் தானியம், பயறு, காய், கீரை, பழம்னு சாப்பிடுங்க, சர்க்கரை தானா இறங்கிடும்." விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் வீடியோவில் இருப்பவருக்கு நம் வீட்டுச் சொம்பின் அளவும் தெரியாது, நீங்கள் போடும் மாத்திரையின் பெயரும் தெரியாது.

கேள்வி: தினமும் காலையில் கேவுருக் (கேழ்வரகு) கூழ்தான். இட்லி, தோசையைத் தொட்டு ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240 காட்டுகிறது. மிஷினில் கோளாறா அம்மா?
(குடியாத்தம் வாசகி, 47 வயது)

மிஷின் நன்றாகத்தான் இருக்கும். எவ்வளவு கூழ் என்று நீங்கள் எழுதவில்லை. நேரில் வருகிறவர்களும் "ஒரு சொம்பு" என்றுதான் சொல்வார்கள். போன வருடம் அணைக்கட்டு ஊர்ப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாவிடம் அந்தச் சொம்பையே எடுத்துவரச் சொன்னேன். எவர்சில்வர் சொம்பு, கழுத்து வரைக்கும் முக்கால் லிட்டர் பிடித்தது. அதற்கு வீட்டில் போடுகிற மாவையும் நொய்யையும் தராசில் வைத்தோம். கேவுரு மாவு 90 கிராம், நொய் 30 கிராம். மாவுச்சத்துக் கணக்குப் போட்டால் 80 கிராமுக்கு மேல். ஏழெட்டு இட்லியைக் கரைத்துக் குடித்த மாதிரி. அந்த அம்மா சொம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கேவுருக்கு நான் எதிரி இல்லை. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், வெள்ளை அரிசியைப்போல மூன்று நான்கு மடங்கு நார்ச்சத்து. எல்லாம் சரி. ஆனால் மாவுச்சத்து அரிசிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். அதை மைய அரைத்து, வேகவைத்து, தண்ணியாகக் கரைத்துவிட்டால் வயிறு செய்யவேண்டிய வேலையை மாவு மில்லும் அடுப்புமே முடித்துக் கொடுத்துவிடுகின்றன. கூழ் சட்டென்று இறங்கும், சர்க்கரை சட்டென்று ஏறும். புளிக்க வைப்பதால் மாவுச்சத்து மாயமாகிவிடாது. நொய் வேறு சேர்கிறது. "எங்க ஆயா இதைத்தானே குடிச்சாங்க" என்பீர்கள். ஆயா குடித்துவிட்டுக் கழனிக்குப் போனார். நானும் நீங்களும் நாற்காலிக்குப் போகிறோம்.

கூழை விடவேண்டாம். சொம்பை விடுங்கள். ஒரு டம்ளர், 200 மில்லி, நொய் போடாமல். அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் கீரைக் கடைசலும், கொள்ளோ காராமணியோ பச்சைப்பயறோ அரைக் கிண்ணம் சுண்டலும் மென்று சாப்பிடுங்கள். முதலில் காயும் பயறும், கடைசியில் மாவுப்பண்டம். இந்த வரிசை ஒன்றே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும். கூழைவிடக் களி மேல். அதுவும் ஆரஞ்சுப்பழ அளவு ஓர் உருண்டை, தட்டில் பாதி முருங்கைக்கீரை. பிறகு பத்து பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு, சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் எண்ணி மிஷினில் பாருங்கள். 180க்குக் கீழே வந்தால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது.

கேள்வி: அப்போது சாமை, தினையும் வேண்டாமா?
(போளூர் வாசகர்)

வேண்டும், ஆனால் எந்தச் சாமை? ஜவ்வாது மலையிலேயே விளைகிறது, உங்கள் ஊருக்கு எட்டும் தூரம். உமி மட்டும் நீக்கிய சாமை கொஞ்சம் பழுப்பாக, மங்கலாக இருக்கும். பாக்கெட்டில் பளிச்சென்று வெள்ளையாக இருப்பது தவிடு போனது. அரிசிக்கு அண்ணன் தம்பி. தவிடு உள்ளது சீக்கிரம் சிக்கு வாடை வரும், அதனால் கிலோ கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள். சோறாக ஆக்கிச் சாப்பிடுங்கள், மாவாக்கிக் கஞ்சி காய்ச்சவேண்டாம்.

கேள்வி: வயது 58. HbA1c (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 8.2. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் போடுகிறேன். மகன் சொன்னபடி அடுத்த திங்கட்கிழமையிலிருந்து முழுக்கத் தாவர உணவுக்கு மாறப் போகிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டு ஆரம்பிக்கலாமா, ஆரம்பித்துவிட்டு நிறுத்தலாமா?
(காட்பாடி வாசகர்)

இரண்டும் இல்லை. திங்கட்கிழமைக்கு முன்னால் உங்கள் டாக்டரைப் பார்த்து "சாப்பாட்டை மாற்றப் போகிறேன், மாத்திரையை என்ன செய்யலாம்" என்று கேளுங்கள்.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் ஒரு பழைய தப்பு. தப்பு என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாரி ஓட்டுநருக்கு அழகாக ஒரு சார்ட் எழுதிக் கொடுத்தேன். சோறு பாதி, காய் இரண்டு மடங்கு, பயறு தினமும். மனிதர் ஒரு வரி விடாமல் கடைப்பிடித்தார். கிளிமிபிரைடையும் ஒரு வேளை விடாமல் போட்டார். நான்காம் நாள் பதினொரு மணிக்கு டீக்கடை பெஞ்சில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்திருக்கிறார். பார்த்தால் சர்க்கரை 52. லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது வரவில்லை, அவ்வளவுதான் நான் செய்த புண்ணியம். சாப்பாட்டை மாற்றினேன், மாத்திரை எழுதிய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். தட்டில் மாவுச்சத்து குறைந்தால் இவற்றின் அளவும் குறையவேண்டும், சில சமயம் முதல் வாரத்திலேயே. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தத் தாழ்சர்க்கரை ஆபத்து மிகக் குறைவு. ஆரம்பிக்கும் முதல் இரண்டு வாரமாவது காலை வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டுதான் பேசும். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் கடலை மிட்டாயோ சாக்லேட்டோ உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கும். ஏறாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள்.

ஒரு சந்தேகம் வரும்: "தாவர உணவு" என்றால் எல்லாம் சரியா? போண்டாவும் குளிர்பானமும்கூடத் தாவரம்தான். "முழு" என்ற சொல்தான் இங்கே வேலை செய்கிறது.

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். காலை ஏழரைக்கு வண்டி. டப்பா கட்டவே நேரமில்லை, இதில் காய்க்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை பிரியாணியையும் விடவேண்டுமா அக்கா?
(34 வயது, சர்க்கரை எல்லைக்கோட்டில்)

தங்கச்சி, முதலில் டப்பா. ஞாயிறும் புதனும் ராத்திரி கருப்புக் கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி ஏதாவது ஒன்றை ஊறவைத்து, காலையில் குக்கரில் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள். மூன்று நாளைக்கு வரும். டப்பாவின் மேல் தட்டில் அது, அதோடு நறுக்கிய வெள்ளரியும் தக்காளியும். கீழ்த் தட்டில் எப்போதும் கட்டும் சோற்றில் பாதி. மீதி இடத்தில் முந்தின ராத்திரி பொரியல். பிரேக்கில் வரும் டீயில் சர்க்கரை இல்லாமல் கேள். கூட வரும் பிஸ்கட்டைப் பக்கத்து மிஷின்காரருக்குக் கொடுத்துவிடு. உன் HbA1c 5.7க்கும் 6.4க்கும் இடையில் இருக்கிறது என்றால், இந்த வயதில் இந்தக் கட்டத்தில் திருப்புவதுதான் ரொம்பச் சுலபம்.

பிரியாணி: ஆம்பூரில் பிறந்தவளிடம் விடு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. முழுத் தாவர உணவுக்காரர்கள் விடத்தான் சொல்வார்கள். என் யோசனை, மாதம் ஒரு தடவை, அரை பிளேட், கத்திரிக்காய்த் தொக்கு இரண்டு பங்கு. மற்ற மூன்று ஞாயிறு அதே சீரகச் சம்பா மசாலா மணத்தோடு காளான், பட்டாணி, கேரட் முக்கால், அரிசி கால் என்று ஆக்கு. அது பிரியாணி இல்லை என்று வீட்டில் சண்டை வரும். வரட்டும்.

கேள்வி: சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி?
(பலர்)

ரத்தத்துக்குப் போனால் எல்லாம் ஒன்றே.

கேள்வி: பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டு எட்டு மாதம் ஆகிறது. சர்க்கரை நன்றாக இருக்கிறது. ஆனால் பாதத்தில் மதமதப்பு. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதா?
(இராணிப்பேட்டை வாசகி)

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் பி12 சோதனை செய்துவிடுங்கள். பி12 தாவரத்தில் இல்லை. பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினாவில் இருக்கிறது என்று சொல்வதை நம்பி இருக்கவேண்டாம். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத வகை. போதாததற்கு மெட்ஃபார்மின் பல வருடம் போட்டால் பி12 உறிஞ்சுவது குறையும். இரண்டும் சேர்ந்தால் கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல், மறதி வரலாம். சர்க்கரையின் தலையில் பழியைப் போட்டு வருடக்கணக்கில் விட்டால் நரம்புச் சேதம் திரும்பாமல் போகலாம். பால் முட்டை இல்லாமல் இருக்க முடிவு செய்தவர்களுக்கு பி12 மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. விலையும் ஒன்றும் பெரிதில்லை. கால்சியத்துக்குக் கேவுரும் எள்ளும் முருங்கைக்கீரையும் நம்மிடம் இருக்கின்றன.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரையோடு கிரியாட்டினின் 2.1. கீரையும் பயறும் இளநீரும் நிறையக் கொடுக்கலாமா?
(ஆரணி வாசகர்)

கொடுக்காதீர்கள். மேலே நான் எழுதிய எதையும் உங்கள் அப்பாவுக்குப் பொருத்தாதீர்கள். கிரியாட்டினின் 2.1 என்றால் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்டவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும். அது இதயத் துடிப்பையே குழப்பும். இளநீர், வாழைப்பழம், தக்காளிச் சாறு, சூப் எல்லாம் டாக்டர் பொட்டாசியம் பார்த்துச் சொன்ன பிறகுதான். காயைப் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிப்பது ஒரு வழி. "குறைந்த சோடியம்" என்று விற்கும் உப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதே பொட்டாசியம்தான். பயறு எவ்வளவு, மெட்ஃபார்மின் தொடரலாமா என்பதையும் சிறுநீரக மருத்துவரே சொல்லவேண்டும்.

கேள்வி: நோன்பு வைப்பேன். சர்க்கரை மாத்திரை போடுகிறேன். நோன்புக் கஞ்சி குடிக்கலாமா?
(வாணியம்பாடி வாசகர், 51)

ரமலானுக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள்; மாத்திரை நேரமும் அளவும் மாறும், சிலருக்கு நோன்பே வேண்டாம் என்பார். கஞ்சியில் அரிசியைப் பாதியாக்கி முழுப் பச்சைப்பயறும் வெந்தயமும் கூட்டுங்கள், தேங்காய்ப்பாலைக் குறையுங்கள். பேரீச்சை ஒன்று, இரண்டு போதும். ஸஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) நேரத்தைத் தவறவிடாமல், அப்போது பயறும் முழுத் தானியமும் சாப்பிடுங்கள். பகலில் சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை முறித்துவிடவேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, டைப் 1. உணவு முறையால் இன்சுலினை நிறுத்தலாம் என்று ஒருவர் சொல்கிறார்.
(வேலூர், ஒரு தாய்)

முடியாது. அவள் உடம்பு இன்சுலினைச் சுரப்பதில்லை. ஒரு நாள் நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. அந்த ஆளிடம் இனிப் பேசாதீர்கள்.

கேள்வி: ஒரு வருடத்தில் 13 கிலோ குறைத்தேன். மாத்திரையை டாக்டரே நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. HbA1c 6.1. எனக்குச் சர்க்கரை குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாமா?
(திருப்பத்தூர் வாசகர்)

மாத்திரை இல்லாமல் மூன்று மாதமாவது 6.5க்குக் கீழே இருந்தால் அதைத் தணிந்த நிலை என்கிறார்கள். 2021ல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வைத்த அளவுகோல் அது. குணம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்த்தார்கள். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும்.

எது உங்களைக் காப்பாற்றியது, தாவர உணவா, எடையா? 2006ல் அமெரிக்காவில் 99 பேரை வைத்து நடந்த சோதனையில், கொழுப்புக் குறைந்த முழுத் தாவர உணவு சாப்பிட்டவர்களுக்கு 22 வாரத்தில் HbA1c ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கியது. சர்க்கரை நோயாளிகளுக்கான வழக்கமான உணவு முறையில் இருந்தவர்களுக்கும் அரைப் புள்ளிக்கு மேல் இறங்கியது. மாத்திரை குறைந்தவர்கள் முதல் குழுவில் 43 சதவீதம், இரண்டாவதில் 26 சதவீதம். இன்னொரு பக்கம், பிரிட்டனில் 2017ல் வெளியான ஆய்வில், எடை குறைக்க வைத்த குழுவில் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு நோய் தணிந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. அவர்கள் கீரையா சாப்பிட்டார்கள்? சில மாதம் சாப்பாட்டுக்குப் பதிலாகச் சத்துப் பொடியைக் கரைத்துக் குடித்தார்கள், நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி. ஆகவே எடைதான் பெரிய கை. ஆனால் பொடியை ஆயுசுக்கும் குடிக்க முடியாது. வயிறு நிறைந்தும் எடை ஏறாமல் வருடக்கணக்கில் சாப்பிட இந்தக் காய், பயறு, முழுத் தானியச் சாப்பாடு எனக்குத் தெரிந்து நல்ல வழி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை HbA1c பாருங்கள். ரத்தசோகை இருந்தால் அந்த எண் ஏமாற்றும், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெய் இல்லாமல் எப்படிச் சமைப்பது? எண்ணெயில் மிதந்தால்தானே ருசி?
(வேலூர் வாசகி)

2023ல் புவிசார் குறியீடு வாங்கிய காய், அதை எண்ணெயில் மூழ்கடிப்பது அதற்கே மரியாதை இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கொத்சுவுக்கு நீங்கள் ஊற்றுவது நாலு கரண்டி. காம்போடு நாலாகக் கீறி இட்லிப் பானையில் எட்டு நிமிடம் ஆவியில் வையுங்கள். வறுத்த வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், தனியா, பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு எல்லாம் கரகரப்பாக அரைத்துக் கீறலுக்குள் அடையுங்கள். இரும்புச் சட்டியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி, மூடி போட்டு, சிறு தீயில் திருப்பித் திருப்பி வையுங்கள். முள் குத்தும், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.