அந்த மலேரியா மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்காதீங்க

வணக்கம் தோழி. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த அக்காவுக்கு, ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மலேரியா மாத்திரை புற்றுநோய் திரும்பாம தடுக்கும்னு வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, அதைத் தரலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம்.

செய்தி பொய்யில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா டிமிஷெல், லூயிஸ் சோடோஷ் குழு நடத்திய ‘கிளெவர்’ ஆய்வு, 2025-ல் வெளிவந்தது. சிகிச்சைக்குப் பிறகும் சில புற்றுநோய் செல்கள் எலும்பு மஜ்ஜையில் தூங்கிக் கிடக்கும். பல வருஷம் கழித்து விழிச்சா நோய் திரும்பும். பசி வந்தா வீட்டுச் சாமானையே அடுப்பில் போட்டுச் சமைக்கிற மாதிரி, அந்த செல்கள் தன் பாகங்களையே தின்னு பிழைக்கும். அந்த வேலையைத்தான் இந்த மாத்திரை தடுக்குது. கூடவே எவரோலிமஸ் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. இரண்டும் சேர்த்து எடுத்தவங்களில் மூணு வருஷத்தில் யாருக்கும் நோய் திரும்பலை.

ஆனா ஆய்வில் மொத்தமே 51 பேர். அதுவும் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்து, அந்த செல்கள் இருக்குன்னு உறுதியானவங்க மட்டும். மருந்தும் சாதுவானதில்லை: மலேரியா மாத்திரை விழித்திரையையும் இதயத்துடிப்பையும் பாதிக்கலாம், எவரோலிமஸ் வாய்ப்புண் தரும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்.

அக்கா, நோய் திரும்பாம இருக்கத் தர்ற டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறாங்கன்னா, உடம்பு எரியுது, வேர்க்குதுன்னு நடுவில் விட்டுடாம பார்த்துக்கோங்க. எங்க சித்தி அப்படித்தான் ரகசியமா நிறுத்தி வெச்சிருந்தாங்க, மாத்திரை அட்டை தலையணைக்கடியில் கிடைச்சது. செய்தியை அச்செடுத்து அடுத்த செக்கப்பில் டாக்டர்கிட்டயே காட்டுங்க.