வண்டியில் போகும் கூரை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காலஞ்சென்ற என் தந்தையார், 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும் வரை டொக்யார்ட்டில் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய அல்பத்தில், நீண்ட இலைகளை ஏற்றிச் செல்லும் வண்டியுடன் ‘ட்ரிஸ்டன் டா குன்ஹா’ என்று அச்சிட்ட ஒரு பென்னி முத்திரை இருக்கிறது. அந்தத் தீவின் வீடுகளுக்காக வெளியிட்ட நினைவு முத்திரை இது என்கிறார் அண்ணா. சரிதானா? விலைபோகுமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: வீடுகள் என்றவரை அண்ணா சொல்வது சரி, நினைவு முத்திரை என்பது சரியல்ல. இது 1954இல் வெளிவந்த பதினான்கு முத்திரைகள் கொண்ட, அன்றாடத் தபாலுக்கான பொதுப் பாவனைத் தொகுதியைச் சேர்ந்தது. அதற்கு முன், 1952 ஜனவரி 1 முதல், சென்ட் ஹெலினா என்ற இன்னொரு தென் அத்திலாந்திக் தீவின் முத்திரைகளின் மேல் ட்ரிஸ்டனின் பெயரை மேலச்சிட்டுத்தான் பாவித்தார்கள். அதற்கும் முன்னர், 1946இல், தமக்கென முத்திரை வேண்டும் என்று தீவார் இலண்டனுக்கு அனுப்பிய மனுவுடன் வைத்த மாதிரி முத்திரையில் ஒரு பென்னி என்ற பெறுமதியோடு ‘நான்கு உருளைக்கிழங்கு’ என்றும் அச்சிட்டிருந்தது. காசு அரிதாகவும் கிழங்கு தாராளமாகவும் இருந்த ஊரின் நேர்மை அது. இலண்டன் அதை ஏற்கவில்லை.

வண்டியில் இருப்பது நியூசிலாந்து ஃபிளாக்ஸ் எனப்படும் செடியின் வாள் போன்ற இலை. நாம் கிடுகும் பனையோலையும் வேய்ந்ததைப் போல அவர்கள் அதைக் கொண்டு கூரை வேய்ந்தார்கள். கேப் டவுனிலிருந்து 2,700 கிலோமீற்றருக்கு அப்பால் தென் அத்திலாந்திக்கில் இருக்கும் அந்த எரிமலைத் தீவில் மரம் அரிது என்பதால், சுவருக்கு மென்மையான எரிமலைக் கல்லைச் செதுக்கினார்கள். உத்திரத்துக்கும் கதவுக்கும் உடைந்த கப்பல்களின் பலகையும் உதவியது. எனவே உங்கள் முத்திரையில் தெரிவது, வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் கூரை. வீட்டையே படமாகப் போட்டிருந்தால்கூட இவ்வளவு விளங்கியிராது என்பது என் எண்ணம்.

நினைவு முத்திரைகளின் கதை வேறு. 1961 ஒக்டோபரில் குடியிருப்பின் அருகிலேயே எரிமலை வெடித்ததால் தீவார் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுக்கு உதவ, ட்ரிஸ்டன் முத்திரைகள் நான்கின் மேல் நிவாரணத் தொகையை மேலச்சிட்டு சென்ட் ஹெலினா விற்றது; ஒரு வாரத்தில் விற்பனை நிறுத்தப்பட்டது, விற்றவை 434 தொகுதிகள் மட்டுமே. பின்னர் தீவார் வாக்கெடுத்தபோது 148 பேர் திரும்பிப் போவோம் என்றனர், ஐவரே மறுத்தனர். 1963இல் அவர்கள் திரும்பியதற்கும் மேலச்சு முத்திரைகள் வந்தன. பெரும் விலைபோவது 1961ஆம் ஆண்டு நிவாரண முத்திரையே. அதில் போலி மேலச்சுகளும் உலவுவதால், சான்றிதழ் இல்லாமல் யார் நீட்டினாலும் வாங்க வேண்டாம். உங்களுடையது தொகுதியின் மலிவான முத்திரைகளில் ஒன்று. தந்தையாரின் ஞாபகமாக வைத்திருங்கள்.

கேள்வி: நம் திருகோணமலை முத்திரையில் வந்ததுண்டா? (வாசகர், பாலையூற்று)

பதில்: உண்டு. 1935இல் தொடங்கிய இலங்கைப் படத் தொகுதியில் ஒரு ரூபா முத்திரை திருகோணமலைக்குரியது. ஐந்தாம் ஜோர்ஜின் தலையுடன் வந்த அதே காட்சி, பின்னர் ஆறாம் ஜோர்ஜின் தலையுடனும் வந்தது. அந்நாளில் ஒரு ரூபாவுக்குச் சாதாரணக் கடிதம் போவதில்லை. பொதிகளிலும் பதிவுத் தபாலிலும்தான் ஒட்டுவார்கள். ஆகவே பழைய கடித உறைகளில் தேடிக் களைக்காமல், பொதி சுற்றிய தாள் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: முத்திரைகளில் கபில நிறப் புள்ளிகள் விழுகின்றன. என்ன செய்யலாம்? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: அது ஈரத்தில் வளரும் பூஞ்சை. மாரி மழைக் காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் அல்பத்தைப் படுக்க வைத்து நானே ஒரு பக்கம் முழுவதையும் இழந்திருக்கிறேன். நிறுத்தி வையுங்கள், மாதம் ஒரு முறை பக்கங்களைப் பிரித்துக் காற்றாட விடுங்கள், வெயிலில் மட்டும் காட்டாதீர்கள். புள்ளி விழுந்தவற்றை முதலில் வேறு உறைக்கு மாற்றுங்கள். பக்கத்து முத்திரைக்கும் பரவிவிடும்.