தூரிகை எடுக்கக் கை வராத நாட்கள்

மொரீஷியஸ் வாசகர் கேள்வி - பதில்: ஓவியப் பகுதி

கத்ர் போர்ன் வாசகி: வேலை முடிந்து வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடுகிறது. சமையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் முடித்து இரவு ஒன்பது மணிக்கு வரைய உட்கார்ந்தால் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் தோன்றுவதில்லை. முன்பு வரையும்போது இருந்த சந்தோஷம் எங்கே போயிற்று?

பதில்: களைத்துப்போன மனதிடம் எதை வரைவது, எந்தத் தாளில், எந்த வண்ணத்தில் என்று மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறீர்கள். அது வாயடைத்து நிற்கிறது. பொங்கலன்று வாசலில் கோலம் போடும்போது என்ன தோன்றும் என்று யாரும் காத்திருப்பதில்லை. முதலில் புள்ளி வைக்கிறோம். நடுவரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று என்று மொத்தம் 25. புள்ளி விழுந்துவிட்டால் இழை எங்கே வளைய வேண்டும் என்பது விரலுக்கே தெரிந்துவிடும். உங்கள் ஒன்பது மணிக்கும் இப்படிச் சில புள்ளிகளைப் பகலிலேயே வைத்துவிடுங்கள்.

தாளிலிருந்து தொடங்கலாம். 56 x 76 சென்டிமீட்டர் நீர்வண்ணத் தாள் ஒன்றை வாங்கி, நீளத்தில் நான்கு, அகலத்தில் நான்கு என்று வெட்டினால் 14 x 19 அளவில் 16 துண்டுகள் கிடைக்கும். எடை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் பட்டதும் அலை அலையாய் வளையும். தினம் ஒரு துண்டு போதும். பெரிய தாள் பயமுறுத்தும், விலை நினைவுக்கு வரும், கை கூசும். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய துண்டில் கெட்டுப்போனால் திருப்பிப் பின்பக்கம் வரையலாம்.

வண்ணம் மூன்றே மூன்று: எலுமிச்சை மஞ்சள், குவினாக்ரிடோன் ரோஸ், தாலோ நீலம். வெள்ளைப் பீங்கான் தட்டின் ஓரத்தில் மூன்றையும் முன்கூட்டியே பிதுக்கிக் காயவிட்டுவிடுங்கள். இரவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் இளகிவிடும். தாலோ நீலத்தில் மட்டும் கவனம் தேவை. பட்டாணி அளவு மஞ்சளுக்குக் குண்டூசித் தலையளவு நீலம் போதும், இல்லாவிட்டால் பச்சை என்று நினைத்தது கருநீலமாகிவிடும். 24 வண்ணப் பெட்டியை மேசையில் திறந்து வைக்காதீர்கள். எதைத் தொடுவது என்று யோசிப்பதிலேயே பத்து நிமிடம் கரையும்.

பொருளையும் ஒரு வாரத்துக்கு முடிவு செய்துவிடுங்கள். ஒரு சூசூக் காய் (சௌசௌ), ஒரு பித்தளைச் சொம்பு, டிசம்பரில் என்றால் ஒரு கொத்து லிட்சி. முதல் நாள் கோடு மட்டும். மறுநாள் கோடே இல்லாமல் நிழல் மட்டும், இரண்டே சாயலில். அடுத்த நாள் காயை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரையுங்கள். பெரும்பாலானோருக்கு இந்த மூன்றாம் நாளில்தான் சலிப்பு தட்டும், பொருளை மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். நான்காம், ஐந்தாம் நாளில்தான் சூசூவின் முதுகில் ஓடும் பள்ளங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு பச்சை என்பது கண்ணுக்குப் படத் தொடங்கும். நீங்கள் தேடும் சந்தோஷம் அங்கேதான் எட்டிப் பார்க்கும். ஆறாம் நாள் காயைச் சமையலறையில் வைத்துவிட்டு நினைவிலிருந்து வரையுங்கள். ஏழாம் நாள் உங்கள் இஷ்டம்.

விளக்கையும் பாருங்கள். மஞ்சள் ஒளி வீசும் பல்பின் கீழ் தாளே மஞ்சளாகத் தெரிவதால், பூசிய மஞ்சள் போதாதது போல் இருக்கும். மேலும் மேலும் பூசுவீர்கள். காலையில் பார்த்தால் மஞ்சள்காமாலை கண்டது போல் இருக்கும் படம். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு 4000 முதல் 5000 வரையுள்ள, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல் என்று அட்டையில் அச்சிட்ட எல்இடி பல்பை வாங்குங்கள்.

பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்போதே. அதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்: "நாளை, காம்பின் நிழல்." மறுநாள் இரவுக்கு அதுவே முதல் புள்ளி. வரைந்ததை அன்றிரவே எடைபோட வேண்டாம். ஒரு டப்பாவில் போட்டு மாதக் கடைசியில் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள்.

ரோஸ்-ஹில் கல்லூரி மாணவர்: மற்றவர்கள் இணையத்தில் போடும் படங்களைப் பார்த்தால் என் படத்தைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது.

பதில்: வரைவதற்கு முன் பார்க்காதீர்கள், வரைந்த பின் பாருங்கள். பிடித்த ஒரு படத்தை மட்டும் எடுத்து, தீப்பெட்டி அளவில் வெளிச்சம், நடுச்சாயல், இருட்டு என்று மூன்றே சாயலில் பென்சிலால் நகலெடுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். பொறாமைப்பட்ட படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அதை உங்கள் அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மாஹேபூர் வாசகர்: சுற்றுலாப் பயணிகளுக்காக டோடோ பறவையையும் கடற்கரையையும் வரைந்து விற்கிறேன். குடும்பம் இதில்தான் ஓடுகிறது. ஆனால் ஒரே டோடோவை நூறாவது தடவை வரையும்போது கை மரத்துப்போகிறது. தொழிலை விடவும் முடியாது.

பதில்: விட வேண்டாம். ஆனால் நூறு தடவை கையால் வரைவதை நிறுத்துங்கள். அச்சுக்கட்டை செய்யும் வேலையை உங்கள் கை செய்துகொண்டிருக்கிறது, அதை அச்சுக்கட்டையிடமே கொடுத்துவிடுங்கள்.

15 x 20 சென்டிமீட்டர் லினோ பலகை (உளியால் எளிதில் செதுக்கக்கூடிய லினோலியத் தகடு) ஒன்று போதும். டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் வரைந்து, கவிழ்த்து, லினோவின் மேல் வைத்துத் தேயுங்கள். படம் இடவலம் மாறி விழும், அச்சில் மறுபடி நேராகிவிடும். இந்தப் படியைத் தவறவிட்டுவிட்டு எழுத்தைச் செதுக்கினால் கையெழுத்து கண்ணாடியில் பார்த்தது போல் இடவலம் மாறி வரும். குளிர்காலக் காலையில் லினோ இறுகியிருக்கும். ஐந்து நிமிடம் வெயிலில் வைத்தால் வெண்ணெய் போல் வெட்டுப்படும். உளியை எப்போதும் மற்ற கையை விட்டு விலகும் திசையில் தள்ளுங்கள். மையை உருளையால் கண்ணாடிமேல் மெல்லியதாகத் தேய்த்து, மெல்லிய சரசரப்பு கேட்கத் தொடங்கியதும் பலகைக்கு எடுங்கள். மை தடித்தால் இறகின் நுண்கோடுகள் அடைபட்டுவிடும். மெல்லிய தாளை மேலே வைத்து மரக்கரண்டியின் பின்புறத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். எண்ணெய் மை நம் ஈரக்காற்றில் காயப் பல நாள் எடுக்கும்; அடுக்கிவைக்காமல் துணிக்கிளிப்பில் தொங்கவிடுங்கள். முப்பது பிரதி எடுத்து 1/30, 2/30 என்று பென்சிலால் எண்ணிட்டுக் கையெழுத்திட்டால், ஒவ்வொன்றும் உங்கள் கைப்பட்ட அசல் அச்சுதான். அதை வாங்குபவரிடம் அப்படியே சொல்லி விற்கலாம்.

இதில் மிஞ்சும் நேரம் உங்களுடையது. அந்த நேரத்திலும் டோடோவையே வரையச் சொல்வோம், வேறு டோடோவை. நாம் எல்லோரும் வரையும் கொழுத்த, உருண்ட டோடோ 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களிலிருந்து, குறிப்பாக ரூலாண்ட் சாவரியின் படங்களிலிருந்து வந்தது. அதே காலத்தில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஒன்று உண்டு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. மற்றப் பறவைகளுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில், அமைதியாக நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு எலும்பைப் பாருங்கள். உங்கள் ஊருக்கு அருகே மார் ஓ சோஞ் சதுப்பில் 1865-இல் டோடோ எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. போர்ட் லூயி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரே பறவையின் எலும்புக்கூடு இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதைத் தேடிக் கண்டெடுத்தவர் எத்தியென் திரியூ என்ற முடிதிருத்துநர். தொழில் ஒன்று, நாட்டம் ஒன்று என்று இரண்டையும் சேர்த்தே நடத்தியவர்!

ஒரு நாள் அங்கே போய் எலும்பை மட்டும் வரையுங்கள். கால் எலும்பின் தடிமன், மார்பெலும்பின் அளவு, மண்டையோட்டில் அலகு பொருந்தும் இடம். வீட்டுக்கு வந்து அந்த எலும்பின் மேல் நீங்களே தசை போடுங்கள், இறகு போடுங்கள். கடைக்காரர் கேட்காத டோடோவாக அது இருக்கும். வாரத்தில் ஒரு பொழுதாவது விற்பனைக்கு வராத படத்துக்கு என்று ஒதுக்கி, அந்தப் படங்களைக் கடையில் தொங்கவிடாமல் இருப்பது முக்கியம். விலை சொல்லத் தொடங்கிய நிமிடத்திலேயே வாங்குபவரின் கண் உங்கள் கைக்குள் புகுந்துவிடும்.

திரியோலே வாசகர்: ஓய்வு பெறப் போகிறேன். இந்த வயதில் வண்ணம் தொட்டுப் பழகலாமா?

பதில்: தாராளமாக. நம் நாட்டு மால்கம் தெ சாசால் (1902–1981) அரசு அலுவல் பார்த்துக்கொண்டே எழுதியவர். ஐம்பதை ஒட்டிய வயதில்தான் ஓவியத்தின் பக்கம் திரும்பினார். அவர் அதிகம் கையாண்டது குவாஷ் என்ற ஒளிபுகா நீர்வண்ணம். தொடங்குபவருக்கு அதுவே நல்லது, தவறின் மேல் இன்னொரு பூச்சுப் பூசிவிடலாம். தயிர் கடைந்த பதத்தில் கலக்குங்கள். பற்பசை போல் தடித்தால் காய்ந்ததும் வெடிக்கும். வெளிர் நிறங்கள் காய்ந்ததும் சற்றுக் கருக்கும், அடர் நிறங்கள் சற்று வெளுக்கும். ஆகையால் கலந்த நிறத்தை ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவைத்துப் பார்த்த பிறகே படத்தில் வையுங்கள்.

கியூர்பிப் வாசகி: ஆசையாக வாங்கிச் சேர்த்த தாள்களில் பழுப்புப் புள்ளிகள். வண்ணப் பெட்டியில் பூசணம். சுவரில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. திறந்து பார்க்கவே மனம் வரவில்லை.

பதில்: உங்கள் ஊர் மழை அப்படி. இதில் உங்கள் தவறு ஏதுமில்லை, சரிசெய்யவும் முடியும்.

முதலில் தாள். நல்ல நீர்வண்ணத் தாளில் தண்ணீரை உடனே உறிஞ்சாமலிருக்க ஒரு பசைப் பூச்சு இருக்கும். ஈரத்தில் நாள்பட்டால் அது செத்துவிடும். ஒரு மூலையில் தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பாருங்கள். சொட்டு குமிழாக நின்றால் தாள் நலம். உடனே உள்ளே இறங்கிக் கருந்திட்டாகப் பரவினால் நீர்வண்ணத்துக்கு உதவாது. எறியாதீர்கள், கரிக்கோலுக்கும் குவாஷுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய தாள்களைச் சில சிலிகா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் மணிகளை வாங்குங்கள். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் வீட்டுக்கு வேண்டாம். பச்சையானதும் மணிகளைத் தட்டில் கொட்டி, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உழைக்கும்.

வண்ணக் கட்டிகளில் பூசணம் பிடிக்கக் காரணம், அவற்றிலுள்ள பிசினும் தேனும். வேலை முடிந்த ஈரத்தோடு பெட்டியை மூடுவதுதான் வினை. இரவு முழுதும் திறந்துவைத்துக் காயவிட்ட பிறகே மூட வேண்டும். பிடித்துவிட்டதை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, மேற்பரப்பை மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டால் கீழே உள்ள வண்ணம் நன்றாகவே இருக்கும்.

வரையும்போதும் கியூர்பிப்பில் பொறுமை வேண்டும். முதல் பூச்சு பளபளப்பு போய்விட்டாலும் உள்ளே ஈரம் இருக்கும். புறங்கையால் தொடுங்கள், குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் காயவில்லை. அதற்குள் அடுத்த பூச்சைத் தொட்டால் புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் போல் ஒரு கறை விரியும். காயும் நேரத்தில் பக்கத்தில் இரண்டாவது துண்டைத் தொடங்கிவிடுங்கள். இரண்டு படங்களை மாற்றி மாற்றி வரைபவருக்கு மழை நாள் நீளமாகத் தெரியாது.

ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்க முயல வேண்டாம், வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். பாதுகாக்க வேண்டிய படமென்றால் காகிதப் பழுதுபார்ப்புத் தெரிந்தவரிடம் சட்டத்தோடு கொடுங்கள். இனிமேல் மாட்டுபவற்றுக்குப் படத்தைச் சுற்றி அமிலமில்லாத அட்டை வைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள்.