18-வது கிலோமீட்டரில் வரும் வலி

கேள்வி: எனக்கு 39 வயது. தக்கலை பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு விடிகாலையில் அழகியமண்டபம் வழியாக மார்த்தாண்டம் பக்கம் போய்த் திரும்புவேன். எதிரே வரும் வண்டிகள் தெரிய வேண்டும் என்று எப்போதும் ரோட்டின் வலது ஓரமாகத்தான் ஓடுவேன். போன மாதம் 26 கி.மீ. வரை வந்துவிட்டேன். ஆனால் 18 கி.மீ. தாண்டியதும் வலது முட்டியின் வெளிப்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. வீட்டுக்கு வந்தால் படி இறங்க முடியவில்லை. இரண்டு வாரமாக ஓடுவதற்கு முன்பே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். கூட ஓடுகிறவர்கள், "வலி இல்லாம மாரத்தான் உண்டா? பல்லைக் கடிச்சுட்டு ஓடுங்க" என்கிறார்கள். அம்மா, வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போய்த் தடவிக்கொள்ளச் சொல்கிறார். எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு நிற்க வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி, முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. மூன்று மணி நேரம் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை கொட்ட ஓடும்போது அந்த ரத்தம் ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் ஆபத்து. பாராசிட்டமால் அந்த அளவுக்குச் சிறுநீரகத்தைத் தொடாது என்றாலும், அதுவும் வலியை மறைக்கும். உங்கள் முட்டி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களிடம் இருக்கும் ஒரே வழி அந்த வலிதான்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். சில வருடங்களுக்கு முன் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் வலி இருந்தது. விரல் வைத்து அழுத்தினால் சரியாக அந்த இடத்தில் மட்டும் உயிர் போகும். மாத்திரை போட்டுக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடக் கிளம்பினேன். சுசீந்திரம் பாலம் தாண்டியதும் காலை ஊன்ற முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் பல நேரம் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் எலும்பில் மயிரிழை விரிசல் என்று தெரிந்தது. எட்டு வாரம் ஓட்டமே கிடையாது.

எந்த வலியைப் பொறுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் இரண்டு தொடையும் இரண்டு கெண்டைக்காலும் ஒன்றுபோலக் கனத்து, தொட்டால் வலித்து, இரண்டு மூன்று நாளில் தானே போய்விட்டால் அது தசைவலி. அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வலித்தால், விரல் நுனியால் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால், ஓட ஓடக் கூடினால், உங்கள் ஓட்டத்தையே நொண்ட வைத்தால், அன்றைக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடுங்கள். எலும்பின் மேல் வலி இருந்து, ராத்திரி படுத்திருக்கும்போதும் அது விடவில்லை என்றால் தள்ளிப்போடாமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

சரி, உங்கள் முட்டிக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது ஐடி பேண்ட் தொல்லைபோலத்தான் தெரிகிறது. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முட்டிக்குக் கீழே ஒட்டும் தடித்த நார்ப்பட்டை அது. முட்டி லேசாக, ஒரு 30 டிகிரி மடங்கும்போது அந்தப் பட்டை எலும்பின் மேல் அழுந்துகிறது. ஏறக்குறைய அதே தூரத்தில் ஆரம்பிப்பது, இறக்கத்திலும் படி இறங்கும்போதும் கூடுவது எல்லாம் இதன் குணம். ஒரு பிசியோதெரபிஸ்ட் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யட்டும்.

ஏன் வலது முட்டி மட்டும்? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மழைத் தண்ணீர் வடிவதற்காக நம் ரோடுகளை நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்துப் போடுவார்கள். போகும்போதும் வலது ஓரம், வரும்போதும் வலது ஓரம். அப்படியானால் 26 கிலோமீட்டரும் உங்கள் வலது கால் பள்ளத்தில்தான் விழுந்திருக்கிறது. போதாததற்கு தக்கலையிலிருந்து மேற்கே ஏற்றமும் இறக்கமும்தான். அதற்காக இருட்டில் வண்டிகளுக்கு முதுகைக் காட்டி இடது ஓரத்துக்கு மாறிவிடாதீர்கள். இடத்தை மாற்றுங்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கம் வந்தால் வயலுக்கு நடுவே சானல் (பாசனக் கால்வாய்) கரைப் பாதைகள் இருக்கின்றன. சானல்கள் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்று வெட்டியவை, அதனால் கரையும் பெரும்பாலும் சமமாகவே போகும். வெளிச்சம் வந்த பிறகு, துணைக்கு ஒருவரோடு போங்கள். வார நாளில் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் ஓடினால், பாதி நேரம் திசையை மாற்றிச் சுற்றுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதுவும் ஒரு பக்கம் சரிவுதான்.

அடுத்த இரண்டு வாரம் 12, 14 கிலோமீட்டரோடு நிறுத்துங்கள். வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே நிற்பதுதான் கணக்கு. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும், எடுத்து வைக்கும் அடி குட்டையாக இருக்கட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் பாயில் ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நீட்டி, குதிகால் சற்றே பின்னால் இருக்கும்படி மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். பக்கத்துக்கு 15 முறை, மூன்று சுற்று. இடுப்புத் தசை பலமில்லாமல் இருந்தால் முட்டி உள்ளே சாய்ந்து பட்டையை இழுக்கும், அதனால்தான் இந்தப் பயிற்சி. வலி வராமல் இருந்தால் மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஏற்றுங்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் 28 முதல் 30 வரை வந்திருந்தால் போதும். பயிற்சியிலேயே 42 ஓடிப் பார்க்க வேண்டியதில்லை.

ஆசானிடம் போகலாமா? போங்கள். நம் மாவட்டத்து வர்ம ஆசான்களின் கைப்பக்குவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஓடிய அன்றும் மறுநாளும் வேண்டாம். குத்துகிற இடத்தில் அழுத்தக் கூடாது, தொடைக்கும் இடுப்புக்கும் இதமாக எண்ணெய் போட்டுத் தடவினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலும்பில் வலி என்றால் தடவலே வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பு போட்ட கஞ்சித் தண்ணியோ ஓஆர்எஸ்ஸோ இருக்கட்டும். 45 நிமிடத்துக்கு ஒரு மட்டி வாழைப்பழம். சின்னப் பழம், இடுப்புப் பையில் நசுங்காமல் இரண்டு மூன்று கொள்ளும்.

ஓட்டம் முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்கியது, ஏற்றத்திலா இறக்கத்திலா, நின்றதும் போனதா. ஆறு வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஜனவரியில் முழுதா, அரை மாரத்தானா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வோம்.